ஒஸெல்லா டிப்ஸ் எழுதியது

எங்கள் குழுவின் பியானோக்காரர் ஹைரம், குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் படுத்ததால்தான் ஒஸெல்லா எங்களிடம் வந்தாள். 1933 ஆகஸ்ட் மாதம், டொபீகாவில் விடுதலை நாள் விழா, எங்கள் முன்னோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடுகிற நாள். பூங்கா முழுக்க எங்கள் கறுப்பு ஜனங்கள். பன்றி விலா வாட்டுகிற புகை மேடை வரைக்கும் வந்து கண்ணைக் கரித்தது. இரண்டு மணிக்கு நடனம் ஆரம்பிக்க வேண்டும். மணி ஒன்றரை ஆகியும் பியானோ முன்னால் யாரும் இல்லை.

லூஷியஸ் பெட்வே எங்கள் தலைவர். சாக்ஸபோன் வாசிப்பார். எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவரல்ல. ஆனால் 'ப்ரொஃபசர்' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். அன்றைக்கு அவர் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு நின்றார். அப்போது உள்ளூர் பாதிரியாரின் மனைவி, கஞ்சி போட்ட காலர் வைத்த பழுப்புக் கவுனில் ஒரு ஒல்லிப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். விச்சிட்டாவில் ஊமைப்படக் கொட்டகையில் பதினாலு வயதிலிருந்து பியானோ வாசித்தவளாம். படம் பேச ஆரம்பித்ததும் வேலை போய், அக்கா வீட்டில் ஊரார் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

எங்கள் டிரம்பெட்காரர் அமோஸ் கிரிக்ஸ்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் என்பதால் அவருக்குக் கிண்டலாக 'டீக்கன்', அதாவது கோயில் ஊழியர், என்று பட்டப்பெயர்.

"ப்ரொஃபசர், நாம டான்ஸுக்கு வந்தமா, ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்த வந்தமா? அந்தக் கையப் பாருங்க, கோழிக்குஞ்சு மாதிரி."

"கோழிக்குஞ்சு கொத்துனா வலிக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள் அவள்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்போது எனக்கு இருபது வயது. வெர்டெல் ஹாஸ்கின்ஸ், குழுவின் பாட்டுக்காரி. பன்னிரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்.

அவள் உட்கார்ந்து நாலு கட்டையைத் தொட்டாள். முகம் சுளித்தது.

"என்ன பாப்பா, பயமா?" என்றார் டீக்கன்.

"பயமில்ல. பியானோ அரைச் சுருதி இறங்கிக் கிடக்கு. மழையில நனைஞ்சிருக்கு போல. நீங்க பாட்டுக்கு ஊதுங்க. நான் பாத்துக்கறேன்."

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டரை மணி நேரம் வாசித்தோம். சில பாட்டுகளை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்னைப் பார்ப்பாள், நான் முதல் வரியைக் காதோரம் முனகுவேன், அதைப் பிடித்துக்கொண்டு வாசித்துவிடுவாள். இடைவேளையில் பெட்வே தன் சாக்ஸபோனின் சுருதியைப் பார்க்கப் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினார். திடுக்கிட்டார். மறுபடி தட்டினார். ஒட்டவே இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அத்தனை பாட்டையும் அவள் ஒவ்வொரு விரலையும் ஒரு கட்டை தள்ளி வைத்து வாசித்திருக்கிறாள்.

"நீ பேரென்ன சொன்ன?"

"இன்னும் சொல்லல. யாரும் கேக்கல. ஒஸெல்லா டிப்ஸ்."

"திங்கட்கிழமை கான்சஸ் சிட்டிக்கு வந்துரு."

ஹைரம் பிழைத்து எழுந்து வந்தார். ஆனால் அவருடைய நாற்காலி போயே போயிற்று.

கான்சஸ் சிட்டிதான் எங்கள் ஊர். அங்கே ஹைலண்ட் அவென்யூவில் மிஸஸ் யூபேங்க்ஸ் நடத்திய விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். என் தலைமுடியை அவள் சூட்டுச் சீப்பு போட்டு நீவிவிடுவாள். நான் அவள் கவுனுக்கு இடுப்பு பிடித்துக் கொடுப்பேன். அவளுக்கு ஒரு வினோதமான பழக்கம். நான்கைந்து சத்தம் ஒரே நேரத்தில் கேட்டால் கையிலிருப்பதை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். சலவைப் பலகையில் துணி தேய்கிற சத்தம், தெருவில் ஐஸ் வண்டி, மிஸஸ் யூபேங்க்ஸ் யாரையோ திட்டுவது, பின்கட்டில் நனைந்த போர்வை காற்றில் அடித்துக்கொள்வது.

"இதுல எது கிளாரினெட்டு சொல்லு" என்பாள்.

"எதுவும் இல்லடி. அது போர்வை."

"போர்வைதான் கிளாரினெட்டு. ரெண்டு கிளாரினெட்டு."

அந்த நாளில் எங்கள் குழு, கடையில் விற்கிற அச்சடித்த இசைத் தாள்களை வாங்கித்தான் வாசித்துக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாக் குழுவும் அதையேதான் வாசித்தது. எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், யார் மேலே போக வேண்டும், யார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நமக்கென்று பிரித்து எழுத ஒருவர் வேண்டும். ஒஸெல்லா இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போய் பெட்வேயிடம் நீட்டினாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"மிஸ் டிப்ஸ், வாசிக்கிறது உங்க வேலை. யோசிக்கிறது என் வேலை."

அறைக்கு வந்து அந்தத் தாள்களை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வெர்டெல், நம்ம ஆளுங்களுக்கு உன்னப் பிடிக்கும் இல்ல?"

"என்ன யாருக்குத்தான் பிடிக்காது?"

"அதான் வேணும். இதக் கேளு." ஒரு துண்டு ராகத்தை முனகினாள். "இத முணுமுணுத்துக்கிட்டே பஸ்ல டீக்கன் பக்கத்துல போய் உக்காரு. சொல்லிக் குடுக்காத. சும்மா முணுமுணு."

செடாலியாவுக்குப் போகிற வழியெல்லாம் டீக்கன் பக்கத்தில் உட்கார்ந்து அதை முணுமுணுத்தேன். திரும்பி வரும்போது டிரம்போன்காரர் லோன்ஸோ பக்கத்தில் வேறொரு துண்டு. மறுநாள் கிளாரினெட்காரர்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று. எல்லோரும் பெண்பிள்ளை தன்னிடம் குழைகிறாள் என்று நினைத்துப் பூரித்துப்போய்க் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரு பொம்பளையிடமிருந்து பாடம் கற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை ஒத்திகையில், பெட்வே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒஸெல்லா இடது கையால் துணி தேய்க்கிற மாதிரி ஒரு தாளத்தைப் போட ஆரம்பித்தாள். டீக்கன் தன்னையறியாமல் டிரம்பெட்டை எடுத்து என் துண்டை ஊதினார். லோன்ஸோ அவருக்குக் கீழே வந்து சேர்ந்தார். கிளாரினெட்டுகள் மேலே படபடத்தன. நாலு பேரும் ஊதிக்கொண்டே ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

முடிந்ததும் டீக்கன் கத்தினார். "லோன்ஸோ, நான் மூணு நாளா மனசுல வெச்சிருந்தது உனக்கு எப்படிடா தெரியும்?"

"உன் மனசுல இருந்ததா? இது எனக்கு வெர்டெல் பாடினது!"

"உனக்குமா பாடினா?"

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். டீக்கன் என்னைப் பார்த்தார், பியானோ பெஞ்சைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொத்திட்டியே கோழிக்குஞ்சு!"

வாசலில் பெட்வே நின்றுகொண்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை. எது நல்லது என்று அவர் காதுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிவிட்டு, "மறுபடி வாசிங்க" என்றார். அந்தப் பாட்டுக்கு 'திங்கட்கிழமைச் சலவை' என்று பெயர் வைத்தோம்.

அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ஒஸெல்லாதான். டிரம்பெட்டுக்கு ஒரு கணக்கு, சாக்ஸபோனுக்கு வேறு கணக்கு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் டீக்கனுக்கு மூச்சுவிட இடமே இல்லாமல் எட்டு வரி எழுதிவிட்டாள். அவர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா தாயே, நான் மனுஷன். துருத்தி இல்ல. இங்க ஒரு இடம் விடு, இங்க ஒரு இடம் விடு. அந்த இடத்துல நீ பியானோவுல ஏதாவது குறும்பு பண்ணிக்கோ."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மூன்று வருடத்தில் எங்கள் குழுவைத் தெருமுனையிலிருந்து கேட்டாலே பெட்வே குழு என்று ஊர் சொல்லியது. அந்தச் சத்தம் பெட்வேயுடையது இல்லை, அவளுடையது என்று குழுவுக்குள் எல்லோருக்கும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது.

1936இல் சிகாகோவுக்கு இசைத்தட்டு பதியக் கூப்பிட்டார்கள். மூன்று தட்டு, ஆறு பக்கம். போகிற வழியில் பஸ் ஒரு மருந்துக்கடை முன்னால் நின்றபோது பெட்வே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெர்டெல், தட்டுல பாட்டு எழுதினவர்னு என் பேருதான் போகும். குழுவுக்கு அதான் நல்லது. ஒரு பொண்ணு எழுதினதுன்னா நாட்டுல எவன் வாங்குவான்? ஒஸெல்லா மனசு சங்கடப்படும். நீதான் அவளுக்கு நெருக்கம். அவள அமைதியா வெச்சுக்க."

"அது அவ பாட்டு, ப்ரொஃபசர்."

"தெரியும். ஆறாவது பக்கம் இன்னும் முடிவாகல. உன் குரலுக்கு ஒரு மெதுவான பாட்டு போடலாம்னு பாக்கறேன். நீ மட்டும் பாடற மாதிரி."

அதுவரை எந்தத் தட்டிலும் என் குரல் இல்லை. நான் 'சரி' என்று சொல்லவில்லை. 'மாட்டேன்' என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி ஒஸெல்லா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எனக்காக வாங்கி வைத்திருந்த வறுத்த கடலையைக் கையில் கொட்டினாள். அதைத் தின்றேன்.

அடுத்த வருடம் வசந்தத்தில் தட்டுகள் பார்சலில் வந்தன. மிஸஸ் யூபேங்க்ஸின் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தோம். ஒஸெல்லா 'திங்கட்கிழமைச் சலவை'யை எடுத்து நடுவில் ஒட்டிய வட்டத் தாளைப் படித்தாள். விரலை வைத்து மறுபடி படித்தாள். அடைப்புக்குறிக்குள் லூஷியஸ் பெட்வே.

"வெர்டெல், இது என்னது?"

"தலைவர் பேரத்தாண்டி எல்லாரும் போடறாங்க."

"நான் போய்க் கேக்கப் போறேன்."

"கேட்டு? அவர் உன்ன நிறுத்திட்டா? திரும்ப இஸ்திரிப் பெட்டிக்கா போகப் போற?"

அவளுக்கு உலகத்தில் பயம் என்று இருந்தது அந்த ஒன்றுதான். ஒரே கட்டிலில் படுத்தவள் என்பதால் அது எனக்குத் தெரியும். அக்கா வீட்டில் விடியற்காலையிலிருந்து அடுப்புப் பக்கம் நின்று முழங்கை வரை சூடுபட்ட தழும்பு அவளுக்கு. சொன்ன உடனே அவள் கை தானாகவே அந்தத் தழும்புக்குப் போயிற்று. தட்டை உறைக்குள் போட்டாள். பிறகு ஆறாவது பக்கத்தை எடுத்துக் கிராமபோனில் வைத்து மூன்று தடவை கேட்டாள்.

"அருமையா பாடியிருக்கடி. அந்தக் கடைசி வரியில மூச்ச எங்க எடுத்த? தெரியவே இல்ல" என்றாள்.

நான் சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன் என்று மிஸஸ் யூபேங்க்ஸ் திட்டினாள்.

அந்தத் தட்டு நன்றாக ஓடியது. நியூயார்க்கில் ஒரு பெரிய வெள்ளைக்காரக் குழு, அதன் தலைவர் வாரன் கெல்சி. அவர் பெட்வேக்குக் கடிதம் எழுதி, இதே மாதிரி தன் குழுவுக்கும் பிரித்து எழுதித் தரச் சொன்னார். பெட்வே அந்தக் கடிதங்களை ஒஸெல்லாவிடம் காட்டாமல், "குழுவுக்குப் புதுசா நாலு வேணும்" என்று வாங்கி, பிரதி எடுத்து அனுப்பிவைத்தார். இலையுதிர் காலத்தில் கெல்சியின் குழு எங்கள் ஊருக்கே வாசிக்க வந்தது. நகர மையத்தில், நாங்கள் முன்வாசல் வழியாக நுழைய முடியாத ஒரு ஓட்டலில். மதியம் மூன்று மணிக்குக் கெல்சி, எங்கள் இசைக்காரர் சங்கக் கட்டடத்தின் மாடிக்குத் தானே வந்துவிட்டார். நாங்கள் ஒத்திகையில் இருந்தோம்.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தொப்பியை மட்டும் கழற்றவில்லை. ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"பெட்வே, நீ அனுப்பினதுல மூணாவது பகுதி இருக்கே, அதுல என் ஆளுங்க சொக்கிப் போயிட்டாங்க. ஆனா உன்கிட்ட ஒரு டிரம்போன். என்கிட்ட மூணு. மூணுக்கும் எப்படிப் பிரிப்ப? இப்பவே எழுதிக் காட்டு. நான் உக்காந்திருக்கேன், அவசரம் இல்ல."

பெட்வே பென்சிலை எடுத்தார். தாளைப் பார்த்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"நாளைக்கு ஓட்டலுக்கு அனுப்பி வைக்கறேன், மிஸ்டர் கெல்சி."

"நாளைக்கு நான் டென்வர் ரயில்ல இருப்பேன். பத்து வரிதானப்பா. நீ எழுதினதுதான?"

ஒஸெல்லா பியானோ பெஞ்சில் இருந்தபடி திரும்பி என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. கடிதங்களைப் பற்றி அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. தானே சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய் வராது, அதனால் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நியாயமான எதிர்பார்ப்பு. நான் குனிந்து என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீக்கன் டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்து எச்சிலை உதறினார்.

"மிஸ்டர் கெல்சி, பென்சில் தப்பான கையில இருக்கு. அத அந்தப் பியானோ பெஞ்சுல குடுங்க."

"அமோஸ்!" என்றார் பெட்வே.

"என்ன ப்ரொஃபசர்? அந்தாளுக்கு ரயில் இருக்குங்கறாரு. சும்மா எதுக்கு எல்லாரும் வேர்த்துக்கிட்டு நிக்கணும்?"

கெல்சி பெட்வேயைப் பார்த்தார். பெட்வே பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டார். அதுவே பதிலாயிற்று. கெல்சி தாளை எடுத்துக்கொண்டு பியானோ பக்கம் வந்தார்.

ஒஸெல்லா எழுந்திருக்கவில்லை. "உங்க ரெண்டாவது டிரம்போன்காரர் எவ்வளவு மேல போவார்?" என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் எனக்கு எழுதித் தந்த எவனும் இதக் கேட்டதில்ல" என்று கெல்சி சிரித்தார். எவ்வளவு மேலே என்று பாடிக் காட்டினார்.

அவள் ஒரு கட்டையைக்கூடத் தொடாமல், தாளை மடியில் வைத்து எழுதினாள். கால் மணி நேரம். பிறகு லோன்ஸோவையும், டிரம்போனுக்குப் பதிலாக இரண்டு சாக்ஸபோன்களையும் நிற்க வைத்து வாசிக்கச் சொன்னாள். முதல் நாலு வரியிலேயே கெல்சி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் எழுதித் தருவியா, மிஸ்...?"

"டிப்ஸ். ஒஸெல்லா டிப்ஸ். எழுதிக்கோங்க." அவர் சட்டைப்பையில் தேடுவதைப் பார்த்து அவளே தாளின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள். "எழுதித் தர்றேன். ஆனா நான் எழுதறதுல எல்லாம் இந்தப் பேரு இருக்கணும். இல்லன்னா ஒரு வரி கிடையாது."

கெல்சி போன பிறகு எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள். பெட்வே, ஒஸெல்லா, நான் மூவரும்தான் மிச்சம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பதினோரு வருஷமா இந்தக் குழுவ பஸ்ல ஏத்தி இறக்கினது நான். ரூம் கிடைக்காத ஊருல உங்களையெல்லாம் யார் வீட்டுத் திண்ணையாவது கேட்டுப் படுக்க வெச்சது நான். என் பேரு எங்கயும் வரக் கூடாதா ஒஸெல்லா?"

"பஸ்ல போடுங்க ப்ரொஃபசர். மேடையில போடுங்க. போஸ்டர்ல இவ்வளவு பெருசா போடுங்க. என் பாட்டுல மட்டும் போடாதீங்க."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் நியூயார்க் போனாள். ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று மாடியில் என்னைப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதத்தில் எங்கள் குழு கலைந்தது. டீக்கன் தபால் ஆபீசில் சேர்ந்தார். பெட்வே மெம்பிஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் சில வருடம் சின்ன இடங்களில் பாடிவிட்டு, ஓர் ஓட்டலின் துணிக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நியூயார்க்கில் அவளுக்கு எல்லாம் இனித்ததென்று சொல்ல முடியாது. கெல்சி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், பாதி. தட்டில் 'ஓ. டிப்ஸ்' என்று போட்டார்கள். 'மதிப்புக்குரிய மிஸ்டர் டிப்ஸ்' என்று ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைச் சேர்த்து வைத்து எனக்கு அனுப்புவாள். ஓரத்தில், 'எனக்கு மீசை வளர்ந்தால் சொல்லி அனுப்புகிறேன்' என்று எழுதியிருப்பாள். அவள் எழுதியதை வாசிக்கிற வெள்ளைக்காரக் குழுவோடு அவள் மேடையில் உட்கார முடியாது. தாள்களைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று கேட்டுவிட்டு வருவாள். ஒரு டிரம்ஸ்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு வருடம் நீடித்தது. யுத்தம் முடிந்த வருடம் இருபத்திரண்டு வாத்தியங்களுக்காக ஒரு நீண்ட உருப்படி எழுதி, பெரிய மண்டபம் ஒன்றில் தானே முன்னால் நின்று நடத்தினாள். அதைப் பற்றி எழுதிய ஒரு பத்திரிகைக்காரர் பாதிக் கட்டுரையை அவள் தொப்பிக்கு ஒதுக்கியிருந்தார். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த இசைக்காரர்கள் எழுந்து நின்றார்களாம். பிறகு ஒன்பது பேரைச் சேர்த்துத் தன் பெயரிலேயே ஒரு குழு ஆரம்பித்தாள்.

1948இல் அந்தக் குழுவோடு எங்கள் ஊருக்கு வந்தாள். ஹைலண்ட் அவென்யூவில் விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாக அவள் பெயர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மிஸஸ் யூபேங்க்ஸ் வீட்டில் சாப்பாடு. கோழி வறுவல், கீரை, சோள ரொட்டி. மிஸஸ் யூபேங்க்ஸ் எழுந்து காப்பி போடப் போனதும் நான் சொல்லிவிட்டேன். மருந்துக்கடை, பெட்வே, ஆறாவது பக்கம், எல்லாம். பன்னிரண்டு வருடம் தொண்டையில் வைத்திருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் பெயரைக் கம்பத்தில் பார்த்த பிறகு விழுங்க முடியவில்லை.

அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு மாடியில நீ பயந்துட்டன்னு நினைச்சிருந்தேன். இத்தனை வருஷமும். பயம்னா எனக்குப் புரியும்டி."

"ஒஸெல்லா..."

"பாட்டுக்கா? ஒரு பாட்டுக்கா அந்தத் தழும்பத் தொட வெச்ச?"

"ஆமா."

"நல்லா வேற பாடித் தொலைச்ச. அதான் என்னால தாங்க முடியல."

காப்பி வருவதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என்ன சண்டை என்று மிஸஸ் யூபேங்க்ஸ் கேட்டாள். என் தப்பு என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் மீசைக் கடிதம் ஒன்றும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய வாழ்த்துகளுக்கும் பதில் இல்லை. அவள் மன்னிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். தபால்காரர் வரும் நேரம் மட்டும் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

1950 மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. ஐந்தே வரி. 'என் பாட்டுக்காரிக்குக் கல்யாணம், போய்விட்டாள். டெட்ராய்ட், பதினாலாம் தேதி, மதியம் ஒரு மணிக்கு ஒத்திகை. கறுப்பு கவுன் இருந்தால் எடுத்து வா. உன் குரல் இப்போது எவ்வளவு கீழே போகும் என்று உடனே எழுது. ஒஸெல்லா.'

குரல் நன்றாகவே கீழே போயிருந்தது. கிடங்கின் நீராவியும் சிகரெட்டும் சேர்ந்து செய்த வேலை. அதை அப்படியே எழுதினேன். கடன் வாங்கிய கவுனோடு டெட்ராய்ட் போய் இறங்கினேன்.

ஒத்திகை ஒரு நடனக்கூடத்தில். நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒன்பது பேரும் இளைஞர்கள், எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒஸெல்லாவின் முடி முன்புறம் நரைத்திருந்தது. கட்டிக்கொள்ளவில்லை.

"இது வெர்டெல்" என்றாள் அவர்களிடம். "ஒரு தடவ கேட்டா மறக்க மாட்டா. அதனால யாரும் அவளுக்குத் தப்பா வாசிச்சுக் காட்டாதீங்க."

என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். மை சரியாகக் காயவில்லை. நான் எழுதியனுப்பிய அளவுக்குச் சரியாக அடி ஸ்வரம் வைத்து எழுதியிருந்தாள். நான் பாட ஆரம்பித்தேன். ஆறாவது வரியில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"சுருதி இறங்குது. மறுபடி."

மறுபடி பாடினேன்.

"இன்னும் இறங்குது. மறுபடி."

நாலாவது தடவை நிறுத்தியபோது பாஸ் வாசிக்கிறவன் எனக்காகப் பரிதாபப்பட்டு, "மேடம், அவங்க ராத்திரியெல்லாம் பஸ்ல வந்திருக்காங்க" என்றான்.

"நானும்தான் வந்தேன். வெர்டெல், மறுபடி."

எனக்குக் கோபம் வந்தது. என்னை வரவழைத்துப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், வேறு எந்த எண்ணமும் அந்த முகத்தில் இல்லை. அந்த வரி சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது தடவை வந்தது. "சரி, அடுத்தது" என்று தாளைத் திருப்பினாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனோம். தெருமுனையில் ஒரு சின்னக் கடை, உயரமான முக்காலிகள். அவள் உட்கார்ந்துவிட்டுப் பக்கத்து முக்காலியிலிருந்து தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அதில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண் வந்தாள்.

"ரெண்டு மீன் சாண்ட்விச், ரெண்டு காப்பி" என்றாள் ஒஸெல்லா. "இவளுக்கு வெங்காயம் வேணாம். வெச்சா எடுத்து எடுத்து என் தட்டுல போடுவா."

ஏழு வருடம் அவளோடு பாடினேன்.